அத்தியாயம் 6: எழுத்தை நீட்டாதீர்கள், இடைவெளியை நீட்டுங்கள்

பக்கவாதம் வந்தபின் சொன்னது விளங்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா, "இங்க வாங்க" என்றால் வேறெதையோ செய்யும் அப்பத்தா, மூன்று வயதாகியும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத பிள்ளை. இவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க மதுரைக்குப் போகவேண்டுமென்றால், அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் பஸ் மாறிப் போகவேண்டும். கை கால் விழுந்த ஒருவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்கி வாரம் இரண்டு தடவை போய்வர எந்தக் குடும்பத்தால் முடியும்? ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைந்துவிடுகிறது. மற்ற நாட்களில் வீட்டார் பேசும் பேச்சே அவருக்குக் கிடைக்கும் பயிற்சி. அதனால் அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். அவரைப் பேசவைப்பது அடுத்த அத்தியாயத்தில் வரும். இங்கே நம் வேலை, நாம் சொல்வது அவருக்குப் போய்ச் சேரும்படி செய்வது மட்டும்.

## தொடங்குவதற்கு முன்

திடீரென்று வந்ததா? வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, சொன்னது திடீரென்று புரியாமல் போவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். எண்ணெய் தேய்ப்பது, மந்திரிப்பது, விடியட்டும் என்று படுக்கவைப்பது எதுவும் வேண்டாம். உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். ஒரு தடவை வந்து தேறியவருக்கும் இது பொருந்தும். நேற்றுவரை புரிந்துகொண்டிருந்தவருக்கு இன்று புரியவில்லை என்றால் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காது கேட்கிறதா? புரியவில்லை என்று நாம் நினைப்பது பல சமயம் கேட்காததுதான். விசைத்தறிக் கூடத்துச் சத்தம் 90 டெசிபலைத் தொடும், தாண்டும். அதிலேயே இருபது முப்பது வருடம் நின்றவரின் காது ஓரளவு மந்தமாகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகைச் செவிக் குறைவில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கேட்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். நாம் பேசுவது அவர் காதில் விழும், ஆனால் என்ன சொன்னோம் என்பது விளங்காது. செவிப் பரிசோதனை செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்கு இது இன்னும் கண்டிப்பு.

விழுங்க முடிகிறதா? தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, வாயில் உணவு இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். பேச்சு சாப்பாடு முடிந்தபிறகு. இந்த இருமலைத் தெரபிஸ்டிடமோ டாக்டரிடமோ தவறாமல் சொல்லுங்கள்.

## இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்

நாம் எழுத்து எழுத்தாகப் பேசுவதில்லை. இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்து ஒரு கொத்தாகச் சொல்கிறோம், குரல் லேசாகத் தணிகிறது, ஒரு நூலிழை இடைவெளி விழுகிறது, அடுத்த கொத்து வருகிறது. கேட்பவரின் மூளை அந்த இடைவெளியில்தான் வந்ததை வாங்கி வைத்துக்கொள்கிறது. பக்கவாதத்தால் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டவருக்கு (டாக்டர்கள் இதை அஃபேசியா என்பார்கள்) வாங்கி வைக்க நேரம் பிடிக்கும். முதல் கொத்து உள்ளே போய் உட்காருவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. இரண்டும் போய்விடுகின்றன. 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வாக்கியத்தின் இயல்பான வெட்டுகளில் நிறுத்தம் விட்டால் பலருக்குப் புரிதல் கூடுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் கூடுவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எந்த அளவு உதவுகிறது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

மெதுவாகப் பேசுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாம் செய்வது என்ன? "அப்ப்ப்பாஆஆ, மாஆஆத்திரைய ஏஏடுங்க" என்று ஒவ்வொரு எழுத்தையும் ரப்பராக இழுக்கிறோம். தமிழில் இது கூடவே கூடாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் கணக்கு வைத்திருப்பது செய்யுளுக்காக மட்டுமல்ல. நம் பேச்சில் பொருளே அந்த அளவில் நிற்கிறது. படு என்பதை இழுத்தால் பாடு. விடு இழுத்தால் வீடு. பல் இழுத்தால் பால். கல் இழுத்தால் கால். எரி இழுத்தால் ஏரி. மெய்யை அழுத்திச் சொன்னாலும் இதே கதை: எடு என்பது எட்டு ஆகிவிடும். நலமாக இருப்பவர் சூழலைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். அஃபேசியா உள்ளவரிடம் "படுங்க" என்பதை இழுத்துச் சொல்லிவிட்டு, அவர் விழிப்பதைப் பார்த்து "புரியவே மாட்டேங்குது" என்று நாம் சலித்துக்கொள்வது நியாயமில்லை.

சொல்லை வழக்கமான வேகத்திலேயே சொல்லுங்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே உள்ள இடத்தை நீட்டுங்கள். மற்றதெல்லாம் இதைச் செய்யும் வழிகள்.

## செய்முறை

கீழே / என்றிருந்தால் ஒரு வினாடி. // என்றிருந்தால் மூன்று வினாடி.

1. சத்தத்தை நிறுத்துங்கள். டி.வி., மிக்சி, செல்போன் வீடியோ அணைந்திருக்கட்டும். வீட்டோடு தறி ஓடினால் தறி நிற்கும் நேரமே உங்கள் நேரம். மல்லிகை பறிக்கப் போகும் வீடுகளில் விடிகாலை முழுக்க ஓட்டமாக இருக்கும். பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பியபிறகு வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். புழுக்கத்தில் அவரும் சோர்ந்திருப்பார், ஃபேன் இரைச்சலும் இருக்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை என்று தொடங்கினால் போதும்.

2. எதிரே உட்காருங்கள். கண்ணுக்குக் கண் சமமாக, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். உதடு தெரியாது.

3. முதலில் கூப்பிட்டு நிறுத்துங்கள். "அப்பா. //" அவர் பார்வை உங்களிடம் வந்தபிறகுதான் விஷயம். முதல் சொல் வீணாகப் போவதை இது தடுக்கும்.

4. வாக்கியத்தை வெட்டுங்கள். அதிகக் கவனம் வேண்டிய படி இது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வேண்டுமா வேண்டாமா, செய்யவா கூடாதா என்பது கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. அதுவரை எல்லாவற்றையும் கேட்பவர் சுமந்துகொண்டே வரவேண்டும். அதனால் நீள வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் மட்டும் போதாது, அதை முதலில் குட்டி வாக்கியங்களாக்க வேண்டும்.

நாம் வழக்கமாகச் சொல்வது:

"அப்பா, நேத்து மதுரையில டாக்டர் மாத்திக் குடுத்தாகல்ல, அந்த வெள்ளை மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கங்க."

சொல்லவேண்டியது:

"அப்பா. // இது / புது மாத்திரை. // (கையில் காட்டுங்கள்) முதல்ல / மாத்திரை. // அப்புறம் / சாப்பாடு."

"நேத்து வந்த மாமா", "டாக்டர் குடுத்த மாத்திரை" என்று பெயருக்கு முன்னால் ஒரு கதையையே ஏற்றி வைக்கும் தொடர்களை எல்லாம் இப்படி உடையுங்கள். "நேத்து / மாமா வந்தாக. // அவுக / பணம் குடுத்தாக."

எங்கே வெட்டக்கூடாது என்பதும் முக்கியம். ஒட்டிக்கொண்டு நிற்பவற்றைப் பிரிக்காதீர்கள்:

- "ரெண்டு மாத்திரை /" சரி. "ரெண்டு / மாத்திரை" தவறு.
- "மேசை மேல /" சரி. "மேசை / மேல" தவறு.
- "வந்துக்கிட்டு இருக்காக /" சரி. "வந்துக்கிட்டு / இருக்காக" தவறு.
- "அண்ணனுக்கு /" என்று உருபு முடிந்தபின் நிறுத்துங்கள்.

எழுத்துக்கூட்டுவதுபோல் "மா, த், தி, ரை" என்று பிய்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். இரட்டித்த மெய்யின் நடுவே இயல்பாகவே ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. பிய்த்தால் அது சொல்லின் முடிவு போலக் கேட்கும்.

5. முக்கியச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். "நாளைக்கு / மதுரை போறோம்." குரலை அந்தச் சொல்லில் லேசாக உயர்த்துங்கள். கத்தவேண்டாம். நம் பேச்சில் அழுத்தத்துக்கென்றே "தான்" இருக்கிறது: "நாளைக்குத்தான் / போறோம்."

6. கேள்வியின் வாலைக் கையால் காட்டுங்கள். "சாப்பிட்டீங்க" என்பதற்கும் "சாப்பிட்டீங்களா" என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசியில் ஒரு ளா. அது நழுவினால் கேள்வி செய்தியாகிவிடும். புருவத்தை உயர்த்துங்கள், உள்ளங்கையை விரியுங்கள். கேள்விக்குக் குரலோடு கையும் போகட்டும்.

7. கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதுதான் வீட்டாருக்கு மிகக் கடினமான படி. மூன்று எண்ணுவதற்குள் நமக்குப் பதறும், இன்னொரு கேள்வி வந்துவிடும். அந்த இன்னொரு கேள்வி, அவர் பாதி தூரம் கொண்டுவந்த பதிலைக் கலைத்துவிடும். பத்து எண்ணும்போது அவர் கண்ணை, கையைக் கவனியுங்கள். பதில் முதலில் அங்கே தெரியும்.

8. அதையே, அப்படியே, இன்னொரு தடவை. பத்து எண்ணியும் பதில் இல்லையென்றால் அதே சொற்களை அதே வரிசையில் சொல்லுங்கள். சொல்லை மாற்றினால் அவருக்கு அது புதுக் கேள்வி. இரண்டாம் முறையும் புரியாவிட்டால்தான் சொல்லை எளிதாக்குவதும், படம் காட்டுவதும், தொட்டுக் காட்டுவதும்.

குறிப்பு: உங்கள் வேகம் உங்களுக்கே தெரியாமல் ஏறும். ஒவ்வொரு கொத்துக்கும் உங்கள் தொடையில் விரலால் ஒரு தட்டு தட்டிக்கொள்ளுங்கள். ஒரு கொத்து, ஒரு தட்டு. வேகம் கட்டுப்படும்.

## ஒரு காலைப்பொழுது

பாளையம்பட்டிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரியவருக்கு வலது கை விழுந்திருக்கிறது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான் வருகிறது. மருமகள் காப்பியா டீயா என்று கேட்கவேண்டும்.

அடுப்படியிலிருந்தே "மாமா, காப்பி வேணுமா டீ வேணுமா, இல்ல கம்பங்கூழ் கரைக்கட்டுமா?" என்று கேட்டால் அவர் "ஆமா" என்பார். எதற்கு ஆமா?

அவள் வெளியே வந்து எதிரே உட்காருகிறாள். "மாமா. //" அவர் திரும்புகிறார். காப்பித்தூள் டப்பாவைத் தூக்குகிறாள். "காப்பி. //" கீழே வைத்துவிட்டு டீத்தூளை எடுக்கிறாள். "டீ. //" இரண்டையும் அவர் இடது கைக்கு எட்டும் தூரத்தில், கொஞ்சம் விலக்கி வைக்கிறாள். "எது?" கையை விரிக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு எண்ணும்போது அவர் விரல் டீ டப்பாவைத் தொடுகிறது. "டீ. / சரி மாமா." மொத்தம் அரை நிமிடம். அவர் வேண்டியதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

இங்கே அவள் தவிர்த்த ஒரு பொறியைக் கவனியுங்கள். "வேணுமா, வேணாமா?" என்று அவள் கேட்கவில்லை. வேணும், வேணாம் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி. ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டால் பிரித்தெடுக்க முடியாது. கேட்டே ஆகவேண்டுமென்றால் "வேணுமா?" என்று மட்டும் கேளுங்கள், தலையாட்டிக் காட்டுங்கள், பொறுங்கள்.

## ஆமா, இல்லை: நம்பலாமா?

அவர் சொல்லும் ஆமாவை நம்புமுன் ஒரு தடவை சோதியுங்கள். "நாம / அருப்புக்கோட்டையிலயா / இருக்கோம்?" பத்து எண்ணுங்கள். பிறகு "நாம / மெட்ராஸ்லயா / இருக்கோம்?" இப்படி விடை தெரிந்த ஜோடிக் கேள்விகள் நாலைந்து. அவர் பார்க்கப் பரீட்சை போல இல்லாமல், பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமா என்றால், வாய்ச்சொல் இன்னும் நிலைப்படவில்லை. பொருளைத் தொட்டுக் காட்டும் வழிக்குப் போங்கள்.

இது பாதுகாப்பு விஷயமும்கூட. "மாத்திரை போட்டாச்சா?" என்ற கேள்விக்கு வரும் "ஆமா"வை வைத்து ஒரு வேளை மருந்தை விட்டுவிடாதீர்கள், இரண்டாம் முறை கொடுத்தும்விடாதீர்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏழு, எட்டு போன்ற எண்களும் எளிதில் மாறும். நேரத்தைக் கடிகாரத்தில் காட்டுங்கள், எண்ணிக்கையை விரலில் காட்டுங்கள். கையெழுத்து, கைநாட்டு வாங்கும் பத்திர விவகாரம் எதையும் இந்த நிலையில் அவர் "சரி" என்றார் என்பதற்காகச் செய்யவே கூடாது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

கத்துவது. தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய வீடுகளில் இது இயல்பாக வரும். காது நன்றாக இருப்பவரிடம் கத்தினால் திட்டுவதாகத்தான் படும்.

குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவது. "தாத்தா சமத்தா மம்மு சாப்பிடுவாங்களாம்" என்ற ராகம் வேண்டாம். மூளையின் மொழிப் பகுதிக்கு அடி விழுந்திருக்கிறது, அவருடைய வயதுக்கும் மரியாதைக்கும் அல்ல. நீங்க, வாங்க, மாமா, அய்யா எல்லாம் முன்புபோலவே இருக்கட்டும்.

இரட்டை மறுப்பு. "மாத்திரை போடாமப் படுக்காதீங்க." இரண்டு இல்லைகள் ஒரே வாக்கியத்தில். "முதல்ல / மாத்திரை. // அப்புறம் / படுங்க."

எழுத்துத் தமிழ். தெளிவாகச் சொல்வதாக நினைத்து "உணவு உட்கொள்ளுங்கள்" என்று மேடைத்தமிழுக்குப் போய்விடுகிறார்கள். அவர் ஐம்பது வருடம் கேட்ட சொல்லே அவருக்கு எளிது.

எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்வது. பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வருவதைப் பார்த்துவிட்டு இப்படிச் செய்கிறார்கள். ராகத்தைப் பயன்படுத்திப் பேச்சைக் கொண்டுவரும் பயிற்சி ஒன்று 1970-களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அது அவரைப் பேசவைப்பதற்கு, தெரபிஸ்ட் வழிகாட்டச் செய்வது. நாம் சொல்வதை அவர் புரிந்துகொள்ள அது குறுக்கே நிற்கும். ராகத்தில் குறில் நெடில் கலங்கும், கேள்விக் குரலும் கரைந்துபோகும்.

எங்கும் ஒரே அளவு நிறுத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வினாடி விட்டால் பேச்சு சிதறிய மணியாகும். கொத்துக்குள் சொற்கள் ஒட்டியே இருக்கட்டும்.

## நலம் விசாரிக்க வருபவர்கள்

நம் ஊரில் ஒருவர் படுத்தால் தெருவே வந்து பார்க்கும். அது நல்ல பழக்கம், கெடுக்கவேண்டாம். ஆனால் வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "யாருன்னு தெரியுதா? நான் யாரு சொல்லுங்க? பேரு சொல்லுங்க?" என்று ஆளுக்கொன்றாகக் கேட்கிறார்கள். பெயர் சொல்வதுதான் அஃபேசியாவில் பலருக்கும் கடைசியாகத் திரும்பும் திறன். தெரிந்த முகம், சொல்ல வராத பெயர், சுற்றி நிற்கும் பத்துப் பேர். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் அழுவதற்கும் காரணம் இதுதான்.

திண்ணையிலேயே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "சித்தப்பா, அவுகளுக்கு உங்களத் தெரியும், பேருதான் வராது. நீங்களே சொல்லிருங்க. ஒரு ஆளு பேசுங்க, ஒண்ணு சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க." யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்தவர் உட்கார்ந்து, "அண்ணே. // நான் / கண்ணன். // நம்ம / கம்மாக்கரை வீடு. //" என்று தன்னைத்தானே சொல்லட்டும். இரண்டு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உள்ளே வேண்டாம். பங்குனிப் பொங்கல் சமயம் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அந்த நாட்களில் பயிற்சியை விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருங்கள். போதும்.

## வீட்டு மொழி வேறாக இருந்தால்

அருப்புக்கோட்டையில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பங்கள் உண்டு. சுற்றுக் கிராமங்களில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. தெரபிஸ்ட் தமிழில் சொல்லித்தந்தார் என்பதற்காக வீட்டில் தமிழுக்கு மாறாதீர்கள். அவர் எந்த மொழியில் கேட்டு வளர்ந்தாரோ, கோபத்தில் எந்த மொழியில் பேசினாரோ அதில் பேசுங்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் குறில் நெடிலும் இரட்டிப்பும் பொருளை மாற்றுவதால், மேலே சொன்ன விதி அப்படியே செல்லும். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழியைக் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் நன்றாகப் புரிகிறது என்பதைத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிய வேறு வழியில்லை.

## பிள்ளைகளுக்கு

"இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள். 12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லும் இல்லாவிட்டால், 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாவிட்டால், வந்த பேச்சு எந்த வயதிலும் நின்றுபோனால், செவிப் பரிசோதனைக்கும் பேச்சு மதிப்பீட்டுக்கும் உடனே போகவேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. காதில் எண்ணெய் ஊற்றுவது ஆபத்து. பிறவிச் செவிக் குறைவு உள்ள, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் (உட்காதில் பொருத்தும் செவிக் கருவி) அறுவைச் சிகிச்சைக்கு வழியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு மாதத் தாமதமும் பிள்ளைக்கு நட்டம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு இடைவெளி வேறொரு வேலையும் செய்கிறது: அவர்கள் நுழைய இடம் தருகிறது.

1. தினமும் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைத் தொட்டிலை ஆட்டுவது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது.
2. அதற்கென்று ஒரே ஒரு குட்டித் தொடர். "ஒண்ணு. / ரெண்டு. / ஆட்டு!" தினமும் அதே சொல், அதே தாளம்.
3. சில நாட்கள் கழித்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். "ஒண்ணு. / ரெண்டு. //" தொட்டிலை ஆட்டாமல், ஆவலோடு முகத்தைப் பாருங்கள். பத்து எண்ணுங்கள்.
4. பார்வை, காலை உதைப்பது, ஓர் "ஆ" எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, "ஆட்டு!" என்று சொல்லி ஆட்டுங்கள்.

சொல்லு, சொல்லு என்று கட்டாயப்படுத்தினால் விளையாட்டு முடிந்துவிடும். சொன்னால்தான் சோறு என்று பட்டினி போடுவது கொடுமை. காதுக்கருவி போட்ட பிள்ளையென்றால் தினம் காலையில் பேட்டரியைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். நம் பக்கத்து வெயிலில் வேர்வை பட்டுக் கருவி கெடும். இரவில் துடைத்து ஈரம் உறிஞ்சும் டப்பியில் வையுங்கள்.

## போனில் பேசும்போது

வெளியூரில் இருக்கும் மகன் போனில் பேசினால் கையும் முகமும் காணாமல் போகின்றன. வீடியோ அழைப்பு நல்லது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, மகன் சொன்னதைக் கொத்துக் கொத்தாகத் திரும்பச் சொல்லட்டும். "கேக்குதா? கேக்குதா?" என்று மகன் அந்தப் பக்கமிருந்து இடைவெளியை எல்லாம் நிரப்பாமல் இருக்க, முன்கூட்டியே ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

## எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது

ஒரு கொத்து வாக்கியம் பத்தில் எட்டு தடவை புரிந்தால் இரண்டு கொத்துக்குப் போங்கள். இரண்டும் நிலைத்தால் மூன்று. நிறுத்தத்தைக் குறைப்பது அதற்கும் பிறகு. ஒரு வாரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டாம். எதனால் தடுமாறுகிறார் என்று தெரியாமல் போகும்.

அவர் கண்ணை மூடினால், கையை உதறினால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் இழுப்பது களைப்பை மட்டும் தரும். நாள் கணக்கில் சாப்பாட்டிலும் ஆட்களிடமும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அது பிடிவாதம் இல்லை. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருகிறது, மருந்தும் இருக்கிறது. டாக்டரிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் சொன்னாலும் மேலே தெரிவிப்பார்கள்.

அடுத்த தடவை தெரபிஸ்டிடம் போகும்போது இவை கையில் இருக்கட்டும்:

- ஒரு நோட்டில் தேதிவாரியாக: எந்த வாக்கியம் சொன்னீர்கள், எத்தனை கொத்து, பத்தில் எத்தனை புரிந்தது.
- செல்போனில் இரண்டு நிமிட வீடியோ. அவர் முகம் மட்டுமின்றி, பேசும் உங்கள் முகமும் தெரியவேண்டும். தெரபிஸ்ட் திருத்தவேண்டியது உங்கள் பேச்சைத்தான்.
- செவிப் பரிசோதனைச் சீட்டு, மூளை ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அதுவும்.
- வீட்டில் அவரோடு அதிகம் பேசுகிற ஆள். மகன் லீவு போட்டுக் கூட்டிப் போகிறார் என்றாலும், அடுப்படியிலிருந்து வந்து எதிரே உட்காருகிற அந்த மருமகளையும் கூட்டிப் போங்கள்.